கடலுக்குச் சேர்த்த பெட்ரோல்

பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்த கார், குடியிருப்பின் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

"ஏங்க, இறங்கணுமா?" என்றாள் மனைவி.

"இறங்கினா மட்டும் போதாதும்மா. கொஞ்சம் தள்ளணும்."

"நீங்க தள்ளுங்க, நான் ஸ்டியரிங் பிடிக்கிறேனே?"

"அதெல்லாம் உனக்கு வராது. நீ தள்ளு."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரே ஒரு ஆசை. சொந்தக் காரில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. கார் வந்தது, பெட்ரோல் செலவு கையைக் கடித்தது. வரும் ஞாயிறு கல்யாண நாள். அன்றைக்கும் முடியாவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று மனசு நிஜமாகவே கலங்கியது.

"கடல் எங்கயும் ஓடிடாதுங்க," என்றாள் அவள், மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே.

மறுநாள் காரின் எடையைக் குறைத்தார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் படுக்கையறைக்கு வந்தன. அன்று பார்த்தா டயர் பஞ்சராக வேண்டும்! வாடகைக் கார் பிடித்து வந்து ஸ்டெப்னியை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்து ஏ.சி.யை நிறுத்தினார். வேர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கி விழ, முன்னால் நின்ற வேனைப் போய் முட்டினார்.

கடைசியில் ஞானம் பிறந்தது. காரை எடுத்தால்தானே செலவு? ஞாயிற்றுக்கிழமைக்கென்று டாங்கை நிரப்பி நிறுத்திவிட்டு, கடைக்கு நடக்க ஆரம்பித்தார்.

நடை சுகமாகத்தான் இருந்தது. கடல் நினைப்பில் தார் ரோட்டிலேயே அலை வந்து காலை நனைத்தது. தெருவிளக்குகளெல்லாம் தூரத்துப் படகுகளாக மிதந்தன. கண் பரிசோதனைக்கு வந்த அம்மாளிடம், "இந்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க, கப்பல் தெரியுதா?" என்று கேட்டேவிட்டார்.

"எழுத்தே தெரியாமத்தானய்யா வந்திருக்கேன்!" என்றார் அந்த அம்மாள்.

அன்று மாலை ஆசையாகக் காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். பெட்ரோல் முள் பாதிக்கு இறங்கியிருந்தது.

"ஒரு சொட்டுகூட ஒழுகல சார்," என்றார் மெக்கானிக். ஆனாலும் குழாயை மாற்றினார். முள் இன்னும் இறங்கியது. டாங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. அப்போதும் இறங்கியது.

"ஆவியாப் போகுதோ என்னவோ," என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

பாவி மனுஷன் அதையும் நம்பினார். ஈரப் போர்வையைப் போர்த்தினார். கார் குளிர்க் காய்ச்சல் வந்தவன் மாதிரி மரத்தடியில் கிடந்தது.

சனிக்கிழமை மாலை முள் அடியைத் தொட்டுவிட்டது. கேட்டருகே வாட்ச்மேன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார் கடைக்காரர்.

"நாளைக்குக் கடலைக் காட்டலாம்னு இருந்தேன்யா. பாவம், வாழ்க்கையில அவ கடலையே பார்த்ததில்ல." அவர் கண் கலங்கிவிட்டது.

வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன சார் சொல்றீங்க? நீங்க கடைக்கு நடந்ததும் அம்மா காரை எடுத்துக்கிட்டு அங்கதானே போறாங்க? நேத்து என் சம்சாரத்தைக்கூட ஏத்திட்டுப் போயிக் காட்டினாங்களே!"