பாதாள மாஸ்டரின் நீல வெளிச்சம்

வானத்தை ஆராயக் கிணற்றுக்குள் குனிந்த மனிதர் உடுப்பிட்டியில் ஒருவர்தான்: எங்கள் பாதாள மாஸ்டர். அந்தக் கிணற்றில் மூன்றிலொரு பங்கு என்னுடையது என்பது என் தலைவிதி.

பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பார்த்தால், பங்குக் கிணற்றைக் கறுப்புத் தறப்பாளால் இறுக்கி மூடியிருந்தார். உள்ளே ஊறுகாய்ப் போத்தலில் வெளிச்சத்தை அறியும் கருவியொன்று தொங்கியது. அதன் வயர் அவர் வீட்டுக் கணினிக்குப் போனது.

"சூரியனுக்கு நடுவிலை கரும்பொருள் அடைஞ்சிருக்குமாம், தம்பி. அதின்ரை துகள்கள் தங்களுக்குள்ளை மோதி அழிஞ்சால் நியூட்ரினோ எண்டு வேறை துகள் வரும். பூமியையே ஊடுருவி வரும். தண்ணியிலை ஒண்டு முட்டினால் நீலமா மின்னும். தென்துருவத்திலை பனிக்குள்ளை கருவி இறக்கிப் பாக்கினம். எங்களுக்குக் கிணறு கிடக்கு."

"எனக்கு வெங்காயம் கிடக்கு, மாஸ்டர். நாளைக்கு என்ரை இறைப்பு முறை."

"ஏழு நாள் பொறும்."

மற்றப் பங்குக்காரர் உடனே சம்மதித்துவிட்டார். அவருக்கென்ன, அவருடைய தோட்டம் தரிசு. நானும் முகத்துக்கு அஞ்சித் தலையாட்டித் தொலைத்தேன்.

ஐந்தாம் நாள் வெங்காயத்தாள் நுனி கருகத் தொடங்கியது. மாஸ்டர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தறப்பாளை விலக்கி, பம்பைப் போட்டு, பாத்தியெல்லாம் இறைத்துவிட்டுப் பழையபடி மூடிவிட்டேன்.

மத்தியானம் ஒழுங்கையே அதிர்ந்தது. மாஸ்டர் வீடு வீடாகக் கற்கண்டு கொடுக்கிறார்! "மின்னிப் போட்டுது! கணினியிலை கோடு முகடு முட்ட ஏறி நிக்குது!"

எனக்குத் தந்த கற்கண்டைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டேன். இந்த மனிதர் வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு எழுதி, அவர்கள் சிரித்தால்? அவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. சிரிக்க அவர்கள் யார்? பின்னேரம் போய், தறப்பாளை விலக்கியது நான்தான், கருவியில் பட்டது வெறும் வெயில்தான் என்ற உண்மையைச் சொன்னேன்.

"தெரியும், தம்பி," என்றார். "நியூட்ரினோ வந்தால் வெங்காயப் பாத்தி நனையாது."

"அப்ப ஏன் கற்கண்டு குடுத்தனீங்கள்?"

"குடுத்து முடிஞ்ச பிறகுதானே உம்மடை தோட்டப் பக்கம் வந்தனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. தறப்பாளை அவரே கழற்றிக் கிணற்றடியில் மடித்து வைத்தார்.

அந்த முறை வெங்காயம் நன்றாக விளைந்தது. கிண்டி முடித்த மறுநாள் அந்தத் தறப்பாளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுப் படலையில் நின்றேன்.

"மாஸ்டர், அடுத்த நடுகைக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கு. வாங்கோ, கிணத்தை மூடுவம்."