எச்சில் படாத சூப்

"எந்திரி, எந்திரி! வெயில் வந்துடுச்சு!"

"வந்தா வரட்டும். தினமும்தான் வருது. நான் காலர் தைக்கிறேன்" என்றாள் மனைவி.

"உனக்கு அது வெயில். எனக்கு வெளிச்சம்."

இப்படிப் பேசிப் பேசியே அவனுக்குத் தெருவில் 'வெளிச்சம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

வீட்டில் இரண்டு அறை. உருப்படியான ஜன்னல் ஒன்று. அந்த ஜன்னலடியில் மனைவியின் தையல் மெஷின், வாடகை கொடுக்கிறவள் நான்தான் என்பது போல உட்கார்ந்திருந்தது. எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சூரியன் ஏறினால் அந்த ஜன்னல் வழியாக ஒரு வெளிச்சம் விழும், உருக்கின வெண்ணெய் மாதிரி. கொஞ்ச நேரம்தான். அப்புறம் சூரியன் பக்கத்துக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மேசைமேல் ஒரு தூக்கு. அதற்குள் உருளைக்கிழங்கு சூப். பெரிய ஓட்டல் முதலாளி தன் புதுக் கிளையில் சுவர் முழுக்க அந்த சூப்பின் படத்தை வைக்கப் போகிறார். இவனிடமும், இவன் வேலை பார்க்கிற ஸ்டூடியோக்காரரிடமும் ஆளுக்கொரு படம் கேட்டிருந்தார். எவருடைய படம் அவருக்குப் பிடித்துப்போகிறதோ, ஓட்டலின் மொத்தப் பண்டத்தையும் அவரே படம் எடுக்கலாம். கிடைத்தால், "தாடையை இறக்குங்க, காதைக் காட்டுங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிற பிழைப்பு ஒழியும். கிடைக்காவிட்டால் சாகிறவரைக்கும் ஊரார் காதுதான்.

ஸ்டூடியோக்காரர் அப்போதே சிரித்தார். "ஏம்ப்பா வெளிச்சம், நாலு விளக்கைப் போட்டமா, சூப்புக்குப் பதிலா பசையை ஊத்தினமா, வேலை முடிஞ்சுதான்னு இல்லாம ஜன்னலைப் பாத்துக்கிட்டா நிப்பே?"

"நான் பொய்யைப் படம் எடுக்க மாட்டேங்க. நிஜ சூப்பு, நிஜ வெளிச்சம்."

"அப்ப நிஜமாவே தோத்துப் போ."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்திருந்தது. அதனால்தான் காலையில் ஓட்டல் வேன்காரர், "அண்ணே, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று தூக்கைக் கையில் திணித்துவிட்டுப் பறந்ததிலிருந்து, அதன் பக்கத்தில் ஒரு ஈயைக்கூட அவன் அண்டவிடவில்லை.

"ஒரு சொட்டு ருசி பாக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"நாக்கு படக் கூடாது! எச்சில் பண்ணின சாப்பாடு கேமராவுக்குத் தெரியும்."

"உங்க கேமராவுக்கு மாமியார் புத்தி போல."

மூலையில் போர்வைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. அவன் மாமியார். சளி பிடித்து மூக்கு அடைத்து, கொதிக்கிற பானையோடு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். "என்னை எதுக்குடி இழுக்கிற?"

மெஷினை இருவருமாக இழுத்து நகர்த்தினார்கள். பாதி வழியில் அதன் கால் ஒன்று கழன்றது. அதை முறுக்க நேரமில்லை. இவன் அந்த இடத்துக்கு மேசையைத் தள்ளி, கிண்ணத்தை வைத்து சூப்பை ஊற்றினான். அது அவசரப்படாமல், கயிறு இறங்குகிற மாதிரி இறங்கியது. மேலே ஒரு கொத்தமல்லி இலை வைத்தான். மற்ற சூப்பில் இலை ஊர் சுற்றப் போய்விடும். இதில் வைத்த இடத்திலேயே நின்றது.

"பாத்தியா? பெரிய ஓட்டல்னா பெரிய ஓட்டல்தான்!"

கேமரா வழியாகப் பார்த்தவன் முகம் சுருங்கியது. வெள்ளை சூப் ரோஜா நிறத்தில் தெரிந்தது. வெளியே கொடியில் மாமியாரின் சிவப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"அத்தை, உங்க சேலையை எடுத்துடட்டுமா?"

"இன்னும் காயலை மாப்பிள்ளை. எம்மேல கோவம்னா நேரா சொல்லுங்க. சேலை மேல காட்டாதீங்க."

சேலையை எடுத்தால்தானே சண்டை என்று கொடியையே அவிழ்த்தான். அந்தக் கொடிதான் இத்தனை வருஷமாக ஜன்னல் கதவைத் திறந்தபடி இழுத்துப் பிடித்திருந்தது. கதவு 'படார்' என்று மூடிக்கொண்டது. சேலை சாக்கடையில். அறை குகை.

தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தான். கீல் பெயர்ந்து கதவு தெருவில் போய் விழுந்தது. கீழே யாரோ அவன் பரம்பரையை விசாரித்தார்கள்.

இப்போது வெயில் அணை உடைந்த மாதிரி உள்ளே பாய்ந்தது. கிண்ணம் கண்ணைக் குத்தியது. வெளிச்சத்தை வடிகட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டும். மெஷின்மேல் ஒன்று கிடந்தது.

"ஐயோ, அது நர்ஸம்மா துணி! சாயங்காலம் தரணும்!"

"நர்ஸம்மாவும் உயிரைக் காப்பாத்தறவங்கதானே? என் உயிரைக் காப்பாத்தட்டும்."

நாலு மூலையிலும் ஆணி அடித்தான். ஒவ்வோர் ஆணிக்கும் மனைவி, "அம்மா!" என்றாள். நாலாவது ஆணிக்கு அவள் அம்மா, "என்னடி?" என்றார்.

ஆனால் வெளிச்சம் வந்துவிட்டது. அவன் கனவில் கண்ட வெளிச்சம். சுவரில் பட்டு, மேசையில் வழிந்து, கிண்ணத்தின் விளிம்பை மெதுவாகத் தடவியது. அந்த ஓட்டை அறை அரண்மனைச் சமையற்கட்டு போல ஆகிவிட்டது. மனைவியே ஓர் அடி முன்னால் வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. சூப்பு ஆறிக் கிடக்கே? ஆவியைக் காணோமே?"

அவன் திக்கென்று நிமிர்ந்தான். சுட வைத்து வருவதற்குள் சூரியன் போய்விடும். அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை மூலையில் போய் நின்றது.

"அத்தை..."

கொஞ்ச நேரத்தில் மாமியார் பானையும் போர்வையுமாக மேசைக்குப் பின்னால் குந்தியிருந்தார். போர்வையை அவர் லேசாக விரிக்க, கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து ஆவி அழகாக எழும்பியது.

"பொய்யே கிடையாதுன்னீங்க?" என்றாள் மனைவி.

"ஆவி ஆவிதானே? உங்கம்மா என்ன பொய்யா?"

"மாப்பிள்ளை, தொண்டைக்கு இதமா ஒரு கரண்டி சூப்பு..."

"படம் முடியட்டும் அத்தை. முழுசும் உங்களுக்குத்தான். தும்மிடாதீங்க!"

தும்மாதே என்று சொன்னால் வருகிற தும்மல் எங்கே நிற்கும்? மாமியார் மூக்கைப் பிடித்தார். முகம் சிவந்தது. சூரியன் நழுவத் தொடங்கியது. அவன் மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினான். ஒன்று. இரண்டு. மூன்று.

"அச்ச்சூ!"

தலை மேசையில் முட்டியது. கிண்ணம் கவிழ்ந்து சூப் முழுவதும் போர்வைமேல். அதோடு வெளிச்சமும் போனது.

ஆனால் படம் பதிவாகிவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்த மனைவி, பேசாமல் போய் மெஷின் காலை எடுத்து முறுக்கத் தொடங்கினாள். அவள் கொடுக்கிற பாராட்டு அவ்வளவுதான். அவனுக்கு அது போதும்.

மறுநாள் அந்தப் போர்வை காய்ந்து, அட்டை மாதிரி சுவரோரம் தானாக நின்றது. "சத்துள்ள சூப்பு!" என்று மாமியார் பெருமூச்சு விட்டார்.

புதுக் கிளையில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஓட்டல் ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் கோட்டு போட்டு வந்திருந்தார். வெளிச்சம், நர்ஸம்மா துணியில் விழுந்த ஓட்டைகளுக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்காத மனைவியோடும், மூக்கு திறந்துவிட்ட மாமியாரோடும் ஓரமாக நின்றான்.

முதலாளி ஸ்டூடியோக்காரர் படத்தின் முன் நின்றார். "இது என்னங்க, பசையா?"

"அது... தொழில்ல அப்படித்தாங்க. எல்லாரும் செய்யறதுதான்."

முதலாளி நகர்ந்து அடுத்த படத்துக்கு வந்தார். நின்றார். வெகுநேரம் நின்றார். எச்சில் விழுங்கினார்.

"இது சூப்பு! சாப்பிட்டு வந்தவனுக்கே பசிக்குது பாருங்க. நாப்பது வருஷமா சூப்பு காய்ச்சற என்னைப் பசையை வெச்சு ஏமாத்த முடியுமா? தம்பி, இங்க வாங்க. சுவரும் உங்களுது, மொத்த ஓட்டலும் உங்களுது!"

கைதட்டல் கூரையில் மோதியது. ஸ்டூடியோக்காரர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வந்து, "ஜெயிச்சுட்டடா. இனிமே நானும் ஒரு ஜன்னல் வெக்கிறேன்" என்றார். மனைவி கூட்டத்துக்கு நடுவிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் பக்கத்திலிருந்தவரிடம், "அதுல தெரியுதே ஆவி, அது என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் நெஞ்சு சட்டைப் பொத்தானுக்கு அடங்காமல் நிமிர்ந்தது.

அப்போது வேன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, படம் பிரமாதம். அன்னிக்கு அவசரத்துல தூக்கு மாறிப்போச்சு. உங்ககிட்ட வந்தது கடை திறப்பு போஸ்டர் ஒட்ட நான் காய்ச்சின மைதாப் பசை. சூப்பைத்தான் ஊரெல்லாம் சுவத்துல பூசிட்டு வந்திருக்கேன், ஒரு போஸ்டரும் நிக்க மாட்டேங்குது. நாய்ங்க மட்டும் நகர மாட்டேங்குது!"