எடைக்காரரின் வயிற்றுக்கு நான் சாட்சி

காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரில் வயிறார, அதற்கு மேலும் தின்னாதவர் யார்? ஆனால் தின்றதை மறுநாள் காலையில் நாலு பேர் முன்னால் நின்று, ஒன்று விடாமல் தானே ஒப்புவித்த ஒரே மனிதர் எங்கள் பூதலூர் எடைக்காரர்தான். இன்னொருத்தர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் கடையில் அவருக்கு ஆயுசுக்கும் இட்லி இலவசம்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது, ஊரில் பாதிப் பேருக்கும் தெரியாது. ரைஸ் மில்லில் நெல் மூட்டை எடை போடுகிறவர், அதனால் எடைக்காரர். மில்லுக்கு எதிரே என் இட்லிக் கடை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அடுப்பை விடாதவள் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் யார் என்றைக்கு எத்தனை இட்லி தின்றார், சட்னி எத்தனை தடவை கேட்டார் என்பது மட்டும் மறக்கவே மறக்காது. "அத்தை மண்டைக்குள்ள ஒரு ரெஜிஸ்டர் இருக்கு" என்பாள் என் பெரிய மருமகள். அவளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போது வேண்டாம், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளே அவள்தான்.

நெல்லில் எடைக்காரர் நெருப்பு. ஒரு கைப்பிடி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். விவசாயியும் நம்பினான், முதலாளியும் நம்பினார். அதே மனிதர் என் கடையில் உட்கார்ந்தால் எண்ணிக்கையே மறந்துபோகும். ஆறு இட்லி, ஒரு பொங்கல், இரண்டு வடை. அதற்கு மேல் "வாய் உப்பு கரிக்குது அக்கா" என்று ஒரு பூரி. பூரி காரமாக இருந்தது என்று இன்னொரு வடை. மில் தராசில் அவர் ஏறினால் நூற்றெட்டு கிலோ. "கோயில்ல நூத்தியெட்டு சுத்தறதுக்குப் பதிலா அண்ணனை ஒரு தடவை சுத்திட்டாப் போதும்" என்பான் கொக்கி. கொக்கி யார் என்றால், மில்லில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவன். மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி எப்போதும் அவன் தோளில் தொங்கும்.

இப்படிச் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அவர் மகள் கல்யாணத்தில் குடை சாய்ந்தது.

மாப்பிள்ளைக்குப் பாதபூஜை செய்ய மணையில் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. பூஜை முடிந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை ஊன்றினார், முடியவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை கழுவின காலோடு நிற்கிறார். கொக்கி சும்மா இருப்பானா? மூன்று ஆளோடு மேடையில் ஏறி, "பிடி... ஓரம் பிடி... சாயாம தூக்கு" என்று மூட்டை தூக்குகிற அதே ராகத்தில் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்? சிரிக்காதது அவர் சம்சாரம் மட்டும்தான்.

மறுவாரம் அவர் சம்சாரம் என் கடைக்கு வந்தது. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள், அதிர்ந்து பேசமாட்டாள்.

"அக்கா, இன்னும் ரெண்டு வருசத்துல இவருக்கு அறுபது. திருக்கடையூர்ல கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு எத்தனையோ நாளா ஆசை. அங்கயும் இவரை நாலு பேரு தூக்கி நிறுத்தணும்னா எனக்கு அந்தக் கல்யாணமே வேணாம். இவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ரெண்டு தோசை குறைச்சுத் தின்னாரு."

மனிதருக்கு உறைத்துவிட்டது. தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்தார். பட்டினி கிடக்காதே, மாசத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் போதும், தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை, வாரத்துக்கு ஒரு தடவை எடை பார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்கே நோட்டு வாங்கினார், திங்கட்கிழமைதோறும் மில் தராசில் ஏறினார்.

இரண்டு மாசம் போனது. நோட்டுப்படி மூன்று கிலோ குறைந்திருந்தார். வேட்டி மட்டும் முன்னைப்போலவே தொப்பையில் நிற்காமல் வழுக்கியது. எனக்கு ஒரே சந்தேகம். ஒரு திங்கட்கிழமை, கடையைச் சின்ன மருமகளிடம் விட்டுவிட்டு மில்லுக்குள் போனேன். எடைக்காரர் தராசில் நிற்கிறார், கொக்கி எண்ணைப் பார்த்துச் சொல்கிறான்.

"நூத்தியெட்டுண்ணே."

"வேட்டி சட்டைக்கு ஒண்ணு கழி. காலைல குடிச்ச தண்ணி, காபிக்கு ஈரக்கழிவு ஒண்ணு. இன்னும் வெளிக்குச் சரியாப் போகல, அது கருக்காய் மாதிரி, அதுக்கு ஒண்ணு. நூத்தியஞ்சுன்னு எழுது."

உங்களில் நெல் விற்காதவர்களுக்குச் சொல்கிறேன். மில்லில் நெல் வாங்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பார்கள், ஈரத்துக்குக் கழிப்பார்கள், உள்ளே மணி பிடிக்காத கருக்காய்க்குக் கழிப்பார்கள். முப்பது வருஷம் அந்தக் கழிவைப் போட்டுப் போட்டு, இவர் தன் உடம்புக்கும் போட்டிருக்கிறார்! ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. அவர் கைக்கு வேறு மாதிரி எடை போடத் தெரியாது.

"தம்பி, இறங்குங்க" என்றேன். "ஈரம் எதுக்குக் கழிக்கிறாங்க?"

"வாங்குறவன் தண்ணியையும் சேத்து ஏன் வாங்கணும்? அதுக்குத்தான்."

"சரி, இந்த உடம்பை யாரு வாங்கப்போறா? நீங்கதானே தூக்கிட்டுத் திரியணும்? தண்ணி, கருக்காய் எல்லாத்தையும் சேத்துத்தானே மணையிலேருந்து எந்திரிக்கணும்?"

கொக்கி கொக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எடைக்காரர் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தின்ற பக்கமும் அப்படித்தான் இருந்ததாம்: வடைக்கு ஓட்டை கழிவு, பொங்கலுக்கு மிளகு கழிவு. நோட்டை அப்படியே தவிட்டு மூட்டைக்குப் பின்னால் வீசிவிட்டார்.

"அக்கா, இனிமே எழுதறதில்ல. எழுதினா என் கை கழிக்கும். தினம் காலைல உங்ககிட்ட வந்து வாயால சொல்றேன். நீங்க எதையும் கழிக்க மாட்டீங்க."

"எனக்கு எழுதத் தெரியாதே?"

"அதனாலதான்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. காலை ஏழு மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும். எடைக்காரர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மூட்டை எண்ணிக்கை சொல்கிற அதே குரலில் ஆரம்பிப்பார். "நேத்து மத்தியானம் சோறு ரெண்டு கரண்டி. சாயங்காலம் டீ ஒண்ணு, பிஸ்கட் நாலு. நாலுன்னா அஞ்சு. ராத்திரி தோசை மூணு. அப்புறம் அடுப்படில நின்னுக்கிட்டே..." இங்கே குரல் இறங்கும். "நின்னுக்கிட்டே என்ன?" என்பேன். "வெல்லம் ஒரு கட்டி." இட்லி தின்கிறவர்கள் எல்லாரும், "எவ்வளவு பெரிய கட்டி?" என்று கேட்பார்கள். சில பேர் இதைக் கேட்பதற்கென்றே என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

குத்தாலத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சோறு. மறுநாள் வந்து, "எல்லாத்துலயும் ருசி பாத்தேன்க்கா" என்றார்.

"எத்தனை கரண்டி ருசி?"

"புளிசாதத்துல மூணு கரண்டி ருசி."

ஹார்டுவேர்ஸ் கடை பாய் அவருக்கு இருபது வருஷச் சிநேகிதர், துபாயில் சம்பாதித்து வந்து கடை போட்டவர். பெருநாளைக்கு ஒரு வாளி பிரியாணி அனுப்பிவிட்டார். மறுநாள் எடைக்காரருக்கு வக்கீலாகத் தானே கூட வந்து நின்றார்.

"அக்கா, பெருநா சாப்பாட்டைக் கணக்குல சேக்காதீங்க. அது அன்பு."

"பாய், அன்பை வச்சுக்கட்டும். பிரியாணியைச் சொல்லட்டும்."

"வாளில முக்கால்" என்றார் எடைக்காரர். அடுத்த பெருநாளுக்குப் பாய் ஒரு சின்ன டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார். மூடியில் 'அளவு' என்று எழுதியிருந்ததாகச் சொன்னார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? ஒரு மழைநாள். வடை சுடச்சுட, மொறுமொறுவென்று வந்திருந்தது. இந்த மனிதர் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. "ஒண்ணுதானே, தின்னுங்க" என்று தட்டில் போட்டேன். தின்றார். மறுநாள் கூட்டத்தில், "நேத்து காலைல வடை ஒண்ணு. அது என்மேல இல்ல, அக்காமேல" என்று கூவிவிட்டார். தட்டோடு இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பிறகு அவர் வருகிற நேரத்தில் வடைச் சட்டியையே மூடிவிடுவேன். வியாபாரம்? போனால் போகட்டும்.

மெல்ல மெல்ல நூற்றெட்டு நூற்றுநாலானது. தொண்ணூற்றெட்டு ஆனபோது கொக்கி மில்லில் சங்கு ஊதச் சொன்னான், முதலாளி விடவில்லை. அப்புறம் பொங்கல் வந்தது. பொங்கல் முடிந்து மூன்று நாளாக எடைக்காரரைக் காணோம். மில்லுக்கு வருகிறார், பின்பக்கச் சந்து வழியாக. நாலாவது நாள் நானே போய்ச் சந்தில் நின்றுகொண்டேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு ஒரு கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. கம்பம் போதவில்லை.

"ஏன் தம்பி வரல?"

"சொல்ற மாதிரி இல்லக்கா. பண்டிகை நாலு நாளும் தின்னுட்டேன். கரும்பு, பொங்கல், வீடு வீடாப் போயி. நேத்து ரயில்வே கேட்டுக்கிட்ட போண்டா வேற. எடை பாத்தேன், மறுபடியும் நூறு. ஒரு வருசம் பாடுபட்டதெல்லாம் போச்சு. அவகிட்ட கல்யாணம் வேணாம்னு சொல்லிடப் போறேன்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் கலங்கியது. ஆனால் கலங்கினால் ஆகுமா?

"ரெண்டு கிலோ ஏறுனா ரெண்டு மாசத்துல இறங்கும். நீங்க தின்னதுக்கு நான் கோவிச்சிருக்கேனா? வந்து சொல்லாம ஒளிஞ்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். எத்தனை போண்டா?"

கம்பத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"எத்தனை?"

"ஏழு."

"சட்னியோடவா?"

"ரெண்டு சட்னி."

"சரி, வாங்க. இட்லி ஆறுது."

பின்னாலேயே வந்தார். கூட்டத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அத்தனை நாளையும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள்கூட அவர் சந்துப் பக்கம் போகவில்லை. வாரத்தில் நாலு நாள் வாய்க்கால் கரையோரம் நடந்தார். மணை போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பழகினார். முதலில் கதவைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

திருக்கடையூருக்கு ஒரு வேன் நிறையப் போனோம். மில் ஆட்கள், பாய், நான், என் இரண்டு மருமகள்களும். எடைக்காரர் அன்றைக்கு எண்பத்தொன்பது கிலோ, ஒன்றும் கழிக்காமல். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் சம்சாரம். ஹோமம், புகை, கலசம் என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எந்த மந்திரமும் காதில் விழவில்லை. அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்திரிங்கோ" என்றார் குருக்கள்.

கொக்கி முன்னால் ஒரு அடி வைத்தான். எடைக்காரர் அவனைப் பார்த்துக் கையைக் காட்டினார், நில் என்று. ஒரு காலை மடக்கினார். முட்டியில் கையை வைத்தார். முகம் செங்கல் மாதிரி சிவந்தது. பாதி எழுந்து ஒரு நொடி ஆடினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் நிற்கிறார்!

கீழே அவர் சம்சாரத்துக்குக் கால் மரத்துப்போய், எழுந்திருக்க முடியவில்லை.

"பிடிச்சுக்க" என்று குனிந்து, கையைக் கொடுத்து, அந்தப் பெண்ணை அவர் தூக்கி நிறுத்தினார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூக்கைச் சிந்தினேன். மேளக்காரருக்கு என்ன தெரியும், அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆயிற்று, காரியம் முடிந்தது, இனிமேல் எடைக்காரர் எதற்கு வரப்போகிறார் என்று மறுநாள் காலையில் என் பெரிய மருமகள் கேட்டாள். நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அவளே, "அத்தை, அடுப்புல தண்ணி வத்திப்போச்சு, இட்லி தீயிற வாசனை வருது, நீங்க தெருவுல நின்னு என்ன பாக்குறீங்க?" என்று கத்தினாள்.

ஏழு மணி ஆக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.