ஐந்து எழுத்தும் ஒரு காலிஃபிளவரும்

யாருக்கும் பயன்படாத ஒரு விஷயம் நமக்குத் தெரிந்திருந்தால் அதைச் சும்மா வைத்திருக்க முடிவதில்லை. எங்காவது எடுத்து நீட்டியே தீர வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது இதுதான்: ஏ, இ, ஐ, ஓ, யூ என்கிற ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் ஒரே வார்த்தைக்குள் வருகிற நீளமான வார்த்தைகள். எஜுகேஷன், ஆட்டோமொபைல், ரெகுலேஷன் என்று மூச்சு விடாமல் அடுக்குவேன். அரியலூரில் ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அதில் அப்படியொரு கர்வம். (பிள்ளைகள் வாயைப் பிளந்ததைக் கொட்டாவி என்று நான் நினைக்கவே இல்லை.)

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலே அலுப்பாக இருக்கும். அதே இஸ்திரி போட்ட சட்டை, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபடி அதே கார்ப் பயணம், அதே கேசரி. ஓர் இடத்தில் என் சம்பளம் போதாது, இன்னோர் இடத்தில் ஜாதகம் சேராது. கேசரி வாசனை வந்தாலே தலை வலிக்கிறது என்று அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தாள். கீழப்பழுவூர் இடம் வந்தபோது, இதிலாவது ஒரு முடிவு தெரிந்துவிடாதா என்று வீடே ஏங்கியது.

காரில் ஏறும்போதே தாய்மாமா சட்டம் போட்டார்.

"மாப்ள, பெரம்பலூர்லயும் ஒரு எடம் சொல்லியிருக்காங்க. ரெண்டையும் பாத்துட்டுத்தான் முடிவு. காபி, பலகாரத்தோட எந்திரிச்சிடணும். கை நனைச்சுப்புடாத."

எங்கள் பக்கத்தில், பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேறு இடம் பார்ப்பது மரியாதை இல்லை.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். (அதுதான் பிரச்சினை.) "தம்பி இங்கிலீஷ்ல புலின்னு தரகர் சொன்னாருங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்திருப்பார்கள். நான் விரல்களை மடக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். காபித் தட்டோடு வந்த பெண் அப்படியே நின்று கேட்டாள்.

"டயலாக்கும் வருமாங்க?"

எண்ணிப் பார்த்தேன். வந்தது! என் ஆயுளில் முதல்முறையாக ஒருவர் இந்த விளையாட்டில் சேர்ந்திருக்கிறார். நான் கம்யூனிகேட் என்றேன். அவள் ஈக்வேஷன் என்றாள். சந்தோஷத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவள்தான் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

மாமா செருமினார். "கெளம்பலாமா மாப்ள?" என்றார். தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பாவோ, "சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க தம்பி" என்று கையைப் பிடித்தார். நான் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த வார்த்தை அந்த இலையிலேயே இருந்தது. காலிஃபிளவர் வறுவல். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, "இதுலயும் அஞ்சும் இருக்கு!" என்று அறிவித்துவிட்டு, சாம்பார் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா கண் கலங்கி என் அம்மாவைக் கும்பிட்டார். மாமா என்னையே பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, "ரசம் ஊத்துங்க" என்றார்.

திரும்பும் வழியில் காரிலிருந்தே பெரம்பலூருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா வழியெல்லாம் மண்டபத்தைப் பற்றியே பேசினாள்.

மறுநாள் தரகர் நேரில் வந்தார். முதலில் தண்ணீர் கேட்டார்.

"பொண்ணு வேணாங்குதுங்க."

"கை நனைச்சுட்டு வந்திருக்கோமேய்யா!" என்றாள் அம்மா.

"அவங்க அப்பாவும் அதைத்தான் சொல்லிப் பாத்தாரு. கேக்கல. 'அம்புட்டு நேரம் பேசினாரு, நான் என்ன வேலை பாக்குறேன்னு கேக்கல. என் பேரைக்கூடக் கேக்கல'ன்னு சொல்லுதாம்."

"அதெப்படிக் கேக்காம இருப்பான்?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பேரு என்னடா?"

தரகர் போனில் சொல்லியிருந்தார். மாமாவும் காரில் சொல்லியிருந்தார். எனக்கு வரவில்லை. அன்கொஸ்டினபிள் என்ற ஒரு வார்த்தைதான் தொண்டை வரை வந்து நின்றது. (அதிலும் ஐந்தும் இருக்கிறது.) அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை. கை நனைத்தவனையே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

மாமா மானத்தை விட்டுப் பெரம்பலூருக்கு மறுபடி போன் போட்டார். அந்த வீட்டில் நான் உட்காருவதற்கு முன்பே பெண்ணின் பேர், அப்பா பேர், சித்தப்பா பேர், சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா பேர் எல்லாம் கேட்டுவிட்டேன். மாமா இந்த முறையும் தொடையைக் கிள்ளினார். அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. நான் அத்தனை பேர்களைக் கேட்டதன் காரணத்தைக் கல்யாண மேடையிலேயே மாமா அவளிடம் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டுக்கு சிலிண்டர் வந்தாலும் சரி, கூரியர் வந்தாலும் சரி, உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "மொதல்ல பேரைக் கேட்டீங்களா?"

போன மாதம் தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். என்னை மட்டும் காரிலேயே உட்கார வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். டிரைவர் பேர் செல்வராசு. நேரம் நிறைய இருந்ததால் அவர் பிள்ளைகள் பேரையும் கேட்டுக்கொண்டேன்.