பிரசங்கத்தை அடுத்தவருக்கு அனுப்பி வைப்பவர்

செஞ்சி பஜாரில் மோட்டார் கடை வைத்திருக்கும் பத்மகுமார் நைனாருக்கு அருளானந்தம் நாற்பதாயிரம் ரூபாய் தர வேண்டும். போர் போட்டபோது வாங்கிய மோட்டாருக்கும் பைப்புக்கும் ஆன பாக்கி. அந்த மோட்டார் இறைத்த தண்ணீரில் நெல் மூன்று தரம் விளைந்து, அறுத்து, மூட்டை மூட்டையாக விலைக்கும் போய்விட்டது. பாக்கி மட்டும் போகவில்லை. தர மாட்டேன் என்றா சொன்னார்? ஒருநாளும் சொன்னதில்லை. "குடுத்துடலாம் நைனாரே" என்றுதான் சொல்வார், அதுவும் எத்தனை மரியாதையாக.

ஆனால் நான் சொல்ல வந்தது கடன்காரரைப் பற்றி அல்ல. கடன்காரர் எந்த ஊரில் இல்லை? நான் சொல்ல வந்தது, மாதா கோயில் இருக்கும் ஊரிலெல்லாம் குறைந்தது ஒருவராவது இருக்கிற ஒரு ரகத்தைப் பற்றி. நற்செய்தியைக் கேட்டு மனம் திரும்புகிறவர் ஒரு ரகம். கேட்டுவிட்டு, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர் இன்னொரு ரகம். பாதியில் தூங்கிப்போகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. நம்முடைய ஆள் இவர்கள் யாரும் இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், உருகுவார், தலையை ஆட்டுவார், அத்தனையும் பக்கத்து வீட்டுக்காரருக்காக. தபால்காரர் மாதிரி. பை நிறையக் கடிதம் இருக்கும். ஒன்றில்கூட அவர் பெயர் இருக்காது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றைச் சட்டையோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூட்டை தூக்கி, இன்றைக்கு என் பெயரில் மூன்று லாரி ஓடுகிறது. படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். நான் ஆளைப் பார்த்துப் பேசுகிறவன். அதனால் இதை நம்பிக் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அருளானந்தம் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுவார். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். இடம். தூணோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருசேரத் தெரிகிற அந்த ஒரே இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது. சாமியார் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினால் போதும், சட்டைப் பையிலிருந்து போன் வெளியே வரும், பதிவு ஓட ஆரம்பிக்கும், கூடவே இவர் கழுத்தும் ஓட ஆரம்பிக்கும். புறணி பேசுகிறவர்கள் என்று சாமியார் சொன்னால் பெண்கள் பக்கம் திரும்பி எலிசபெத் மேல் போய் நிற்கும். வரப்பைத் தள்ளிப் போடுகிறவர்கள் என்றால் முன்னால் உட்கார்ந்திருக்கிற சேசுராஜின் பிடரியைப் பிடித்துக்கொள்ளும். யாரென்று அடையாளம் தெரியாத பாவமாக இருந்தால் கோயில் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, பொருத்தமான ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் ஓயும். ஊரில் பாதிப் பேர் சாமியாரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இந்தக் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள், இன்றைக்கு யாருக்கு என்று.

பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நின்று அந்தப் பதிவை உரியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். கூடவே ஒரு வரி: 'முழுவதும் கேட்கவும். அன்புடன் அருளானந்தம்.' மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் அன்றைக்கு வேலை ஜாஸ்தி. தம்மை இன்னும் மன்னிக்காமல் இருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்ப வேண்டும் அல்லவா? எனக்கே ஒருமுறை தற்பெருமையைப் பற்றி ஒன்று வந்தது. ஆள் மாற்றி அனுப்பிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற அழகையும் கேளுங்கள். ரகசியமாகச் செய்ய வேண்டியதுதான். ஆனால் இவர் குரல் வயலைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"சாமி, என் பங்காளி வாய்க்காத் தண்ணிய மறிச்சிட்டான்."

"அது அவர் பாவம். உங்க பாவத்தச் சொல்லுங்க."

"அதத்தான் சொல்ல வரேன் சாமி. அவன் மறிச்சதால எனக்குக் கோவம் வந்துடுச்சி."

"சரி. வேற?"

"வேற, அவன் பொண்டாட்டி."

வீட்டில் மனைவி சவரியம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன்யா, ஊருக்கெல்லாம் அனுப்பற. இத்தினி வருஷத்துல உன் பேருக்கு ஒண்ணுகூடவா வரல?"

"வந்தா எனக்குத் தெரியாதா?"

"வந்திருக்கும். நீ வூட்ல இருந்திருக்க மாட்ட."

இப்படி இருக்கும்போதுதான் தேர்த் திருவிழா வந்தது. இந்த வருஷம் தேர் அலங்காரச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று அருளானந்தம் அறிவித்துவிட்டார். 'தேர் அலங்காரம் உபயம்: அருளானந்தம்' என்று பஸ் நிற்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு பேனர் வைப்பதாகப் பேச்சு. நெல் விற்று வந்த நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்தும்விட்டார்.

அதே வாரம் பத்மகுமார் நைனார் போன் செய்திருந்தார். கட்டடத்துக்காரர் அட்வான்ஸை ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை கட்டாவிட்டால் கடையை செல்போன்காரருக்குக் கொடுத்துவிடுவார். அப்பன் காலத்துக் கடை. அந்த மனிதருக்கு வாய் திறந்து கடனைக் கேட்கத் தெரியாது. "ரொம்பக் கஷ்டமா இருக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"கடவுள் இருக்காரு நைனாரே" என்றார் அருளானந்தம். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவரிடம் குறையே சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், மரத்தில் ஏறி உட்கார்ந்த அந்தக் குள்ளமான வரி வசூல்காரரைப் பற்றி. ஊரை அடித்துச் சேர்த்த பணக்காரர். ஆண்டவர் அவரைக் கூப்பிட்டு உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்றதும் மனம் மாறி, யாரை ஏமாற்றியிருந்தாலும் நாலு பங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே, அவர். அருளானந்தத்தின் கழுத்து இடமும் வலமும் போய்ப் பார்த்தது. கோயிலுக்குள் அத்தனை பணக்காரர் யாரும் இல்லை. கழுத்து ஜன்னலுக்கு வெளியே, செஞ்சி இருக்கும் திசையில் திரும்பியது. கடை, கல்லா, வியாபாரம். அந்த மோட்டாரிலேயே ஐந்நூறு ரூபாய் கூடத்தான் போட்டிருப்பார். சமணராக இருந்தால் என்ன, நல்ல வார்த்தை யாருக்கும் நல்ல வார்த்தைதானே? வாசலில் நின்று அனுப்பிவிட்டார். முழுவதும் கேட்கவும், அன்புடன் அருளானந்தம்.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் திருவிழாக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் சேசுராஜ், பணம் வாங்கி ரசீது எழுத எலிசபெத், இன்னும் நாலைந்து பேர். அருளானந்தம் பணக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனரில் தன் பெயருக்கு என்ன கலர் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பத்மகுமாரின் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

"அண்ணே" என்று கும்பிட்டபடியே வந்தார். "நீங்க அனுப்புனத ரெண்டு தரம் கேட்டேன். வீட்ல அனந்தமதியும் கேட்டா. அவ அழுதே புட்டா."

"உக்காருங்க நைனாரே" என்றார் அருளானந்தம், பெருமை தாங்காமல். அனுப்பியது வேலை செய்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "எல்லாரும் கேளுங்கய்யா. நைனாரு மனசு மாறி வந்திருக்காரு."

"நாலு மடங்கெல்லாம் வேணாம்ணே. நம்ம பாக்கி நாப்பது மட்டும் போதும். காலையில கட்டடத்துக்காரர்கிட்ட கட்டிடறேன்."

சேசுராஜ் நிமிர்ந்தார். "இன்னா நாப்பது?"

"மோட்டார் பாக்கி. ஏன், உங்ககிட்டலாம் சொல்லலியா?" பத்மகுமாருக்கு முகம் வெளிறிவிட்டது. "பாக்கியத் தரப்போறேன்னு சபையில சொல்லிட்டுத்தான் எனக்கு அனுப்புனீங்கன்னு நெனச்சேன். தப்பா வந்துட்டனா?"

"நைனாரே, அது நான் உங்களுக்கு..." என்று அருளானந்தம் ஆரம்பித்தார்.

"ஆமாண்ணே, எனக்குத்தான் அனுப்புனீங்க. அதான் வந்துட்டேன்."

எலிசபெத் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தாள். "நமக்கு அவசரமில்ல சித்தப்பா" என்றாள். புறணிப் பிரசங்கம் எத்தனையோ வாங்கியவள். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட அதிகம் பேசவில்லை.

அருளானந்தத்தின் கழுத்து இடப்பக்கம் போனது. சேசுராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் போனது. அங்கேயும் அவரையே. பின்னால் திரும்பியது, வாசற்படியில் சவரியம்மாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. கொடுத்து விடுவதற்கு ஆள் இல்லாமல் ஒரு பிரசங்கம் முதல் தடவையாக அவர் மேலேயே நின்றுவிட்டது.

இப்போதும் ஒரு வழி இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லலாம். பத்மகுமார் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார், அப்படிப்பட்ட மனிதர். தேரும் ஜோராக ஓடும், பேனரும் நிற்கும். அருளானந்தம் வாயைத் திறந்தும்விட்டார்.

"உங்க வேதம் எனக்குத் தெரியாதுண்ணே" என்றார் பத்மகுமார். "ஆனா கேட்ட உடனே நம்பிட்டேன். இப்படி ஒரு ஆளு இருப்பாரான்னு அனந்தமதி கேட்டா. ஏன் இல்ல, நம்ம அருளானந்தம் அண்ணன் இருக்காரேன்னு சொல்லிட்டு வந்தேன். பொழுது சாஞ்சா எங்க சமயத்துல சாப்பிடறதில்ல, அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி சாப்பிடணும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அறுபது வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்டவருக்கு எட்டாத சங்கதி, ஒரே நாளில் போனில் கேட்ட ஒருவருக்கு எட்டிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. இவரையும் சேர்த்து அல்லவா அந்த மனிதர் நம்பித் தொலைத்துவிட்டார்?

இதற்குள் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். பெரியப்பா, மச்சான், எதிர் வீட்டுக்காரர், ஆபீசில் ஒருவர். இதை அவருக்கு அனுப்பினால் எத்தனை பொருத்தமாக இருக்கும் என்று விரலும் துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்திலாவது உங்கள் கழுத்து திரும்பியிருந்தால், அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். யாராவது வண்டியில் வருவார்கள்.

அருளானந்தம் மடியிலிருந்த கட்டை எடுத்தார். ரப்பரைக் கழற்றினார், கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பத்மகுமார் கையை விரித்து நீட்டினார். ஐந்நூறு ஐந்நூறாக, வாய்விட்டு, எல்லோர் காதிலும் விழும்படி எண்ணி எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். எண்ணிக்கை ஓர் இடத்திலும் தப்பவில்லை. கடைசி நோட்டு மட்டும் விரலைவிட்டுப் பிரிய யோசித்தது. நீட்டிய கை அவசரப்படாமல் விரிந்தே இருந்தது. அதையும் வைத்தார்.