இன்றைக்கு எந்த நாடு?

ருதைனாவின் கைகள் மும்முரமாக இருந்தன. வறுத்த காப்பிக்கொட்டையை மர உரலில் போட்டு, ஒரு துண்டுச் சுக்கையும் சேர்த்து, இடி இடியென்று இடித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சமையலறை அல்ல. அம்மான் நகரின் ஹாஷ்மி மேட்டில், வேறு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்கென்று நடக்கும் மனநல ஆலோசனை நிலையத்தின் முதல் மாடி. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசல் காவலர் அபூ நாயிஃப் மட்டும் அசராமல் படியேறி வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு எந்த நாடு?"

"சூடான்."

"அப்போ மெத்தையைக் கீழ போடட்டா? நேத்து ஈராக்குக்குப் போட்ட நாற்காலி அப்படியே கிடக்கு."

"போடுப்பா. அந்தப் பேரீச்ச மரப் படத்தையும் கழட்டிடு. சாம்பிராணிக் கரி பத்த வெச்சியா?"

"வெச்சாச்சு. கண்ணு எரியுது. வர்றவங்க அழறதுக்குத் தோதா இருக்கும்."

வாசகரே, உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்ய வேண்டும். 'பண்பாடு புரிந்தவர்' என்பது அதன் பெயர். நீங்கள் வாயைத் திறக்குமுன்பே உங்கள் ஊரைத் தெரிந்துகொண்டு, ஊரிலிருந்து உங்கள் பாட்டியைத் தெரிந்துகொண்டு, பாட்டியிலிருந்து உங்கள் வயிற்றுவலிக்குக் காரணத்தையும் தெரிந்துகொண்டு, கடைசியில் உங்களை மட்டும் தெரிந்துகொள்ள நேரமில்லாமல் போய்விடுகிற நல்ல ஆத்மாக்கள். நல்ல ஆத்மாக்கள் என்று நான் சொல்வதில் கேலி இல்லை. கெட்டவர்களாக இருந்தால் விரட்டிவிடலாமே!

ருதைனா பிறக்கும்போது இப்படி இல்லை. இதே நாட்டின் கர்க் ஊர்க்காரர். நர்சாக வேலை பார்த்துத் தலை நரைத்தவர். அந்தக் காலத்தில் கட்டிலில் கிடப்பவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று கேட்பார். அவர்கள் காட்டுவார்கள். இவர் பார்ப்பார். ஓய்வுபெற்ற பிறகு ஆலோசகர் படிப்பு முடித்து இந்த நிலையத்துக்கு வந்தார். வந்த இடத்தில் சாக்கடல் கரை ஓட்டல் ஒன்றில் பயிற்சி என்றார்கள். வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், அரபு மக்களிடம் எப்படி மரியாதையாகப் பழகுவது என்று அரபு மக்களுக்கே கற்றுக்கொடுத்தார். எல்லோரும் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சாப்பாடும் நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து "எங்க வலிக்குது?" போயிற்று. "உங்க வழக்கத்துல இந்த வலியை எப்படிச் சொல்வாங்க?" வந்தது.

கண்ணுக்குக் கண் பார்ப்பது சிலருக்குப் பிடிக்காது என்று பயிற்சியில் சொன்னதால் ருதைனா எதிரில் இருப்பவரின் காதைப் பார்த்துப் பேசுவார். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தோடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். செருப்பின் அடிப்பக்கம் தெரிவது அவமரியாதை என்பதால் அடைகாக்கும் கோழி மாதிரி காலை மடக்கி உட்காருவார். முட்டிவலி அவருக்கு. அதைப் பற்றி யாரிடம் சொல்வது?

விபத்துகள் நடக்காமல் இல்லை. ஈராக்கிலிருந்து வந்த பொறியாளருக்காகப் பேரீச்ச மரப் படம் மாட்டி, இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் ஏலக்காய் டீ ஊற்றிக் கொடுத்தபோது அவர், "அம்மா, நான் வளர்ந்தது பூரா மாஸ்கோவில. எனக்குக் கொஞ்சம் ஊறுகாய் கிடைக்குமா?" என்றார். பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்ணுக்காக அன்னை மரியாள் படம் வாங்கி வைத்து, மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார். அந்தப் பெண் கைப்பையிலிருந்து தொழுகை விரிப்பை எடுத்து, "தொழணும், கிப்லா எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டாள். மற்றவர்களானால் அதோடு அடங்கியிருப்பார்கள். எங்கள் இனம் (ஆமாம், நானும் அதில் சேர்த்திதான்) அடங்காது. தப்பு செய்தால் இன்னும் ஒரு பயிற்சிக்குப் போகும்.

இப்போது கல்தூமாவுக்கு வருவோம். இந்தக் காப்பி அவளுக்காகத்தான்.

கல்தூமா சூடானின் நியாலா ஊர்க்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். இங்கே தையல் கடையில் காஜா எடுக்கிறாள். அண்ணன் குடும்பத்தோடு ஒண்டுக்குடித்தனம். ஊரில் அம்மா இறந்துவிட்டாள் என்று போனில்தான் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு சொட்டு அழவும் இல்லை. தையல் மெஷினில் தூங்கி வழிந்து விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராதே" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நெஞ்சில் ஒரு கல் இருக்கிறது, அது கரைந்தால் தூங்கிவிடுவேன் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்காகத்தான் வந்தாள்.

முதல் வாரம் ருதைனா கேட்டார். "உங்க வழக்கத்துல இதை எப்படிச் சொல்வாங்க?"

"தூக்கம் வரலன்னு சொல்வாங்க."

ருதைனா அதில் ஆழம் இருப்பதாக நினைத்துத் தலையாட்டினார். பிறகு மண்கூஜாவிலிருந்து காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். கல்தூமா வாங்கினாள். முகர்ந்தாள். குடிக்காமல் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு ருதைனாவின் முகத்தையே பார்த்தாள். ருதைனா அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு கிண்ணத்தை எடுத்த அபூ நாயிஃப், "தொடவே இல்லையே" என்றார்.

"சுக்கு பத்தல" என்றார் ருதைனா.

அடுத்த வாரம் சுக்கு கூடியது. கிண்ணம் தரைக்குப் போனது. அதற்கடுத்த வாரம் சுக்கோடு கிராம்பும் சேர்ந்தது. அப்போதும் தரைதான். மனிதர்களின் மௌனத்தை மதிக்க வேண்டும் என்று படித்திருந்ததால் ருதைனா, ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக அவர் ஒரு பெரிய திட்டம் போட்டார். அந்த மக்களுக்குத் துக்கம் என்பது கூட்டுக் காரியம். நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்து அழுதால்தான் பாரம் இறங்கும். ஆகவே ஹாஷ்மியில் இருக்கும் சூடானியப் பெண்களையெல்லாம் நிலையத்துக்கு அழைப்பது, சாம்பிராணி போடுவது, நடுவில் கல்தூமாவை உட்கார வைப்பது. அந்தத் தெருவிலேயே எல்லாரையும்விட உரக்க அழக்கூடிய ஹாஜா நயீமா தலைமை தாங்குவார். எல்லாம் நாளைக் காலை.

அப்படிக் காப்பி இடித்த அன்று ருதைனா சிரித்த முகத்தோடு மெத்தையில் உட்கார்ந்தார். முட்டி 'கடக்' என்றது. காப்பியை ஊற்றினார். கல்தூமா முகர்ந்தாள். தரையில் வைத்தாள்.

"கண்ணு, உனக்கு ஒரு நல்ல சேதி. நாளைக்கு உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் இங்க வர்றாங்க. உனக்காக. ஹாஜா நயீமாவும் வர்றாங்க."

கல்தூமாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"என்னம்மா இப்படிச் சொல்ற! உங்க வழக்கத்துல..."

"வழக்கத்தை விடுங்க அக்கா! அம்மா போன நாள்லேருந்து அவங்கதான் எங்க வீட்டுல இருக்காங்க. காலையில வர்றாங்க, கையைத் தூக்கி ஃபாத்திஹா ஓதறாங்க, உக்கார்றாங்க. நான் டீ போடறேன். லேசா உதடு துடிச்சாப் போதும், பத்துப் பேர் தோள்ல கை வெப்பாங்க. ஹாஜா நயீமா எனக்கு முன்னால அழ ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அவங்களுக்குத் தண்ணி கொடுத்து, முதுகைத் தடவி, நான்தான் தேத்தணும். ராத்திரி அண்ணன் பிள்ளைங்க என் ரெண்டு பக்கமும் படுத்திருக்கு. எங்க வீட்டுல கக்கூஸுக்கு மட்டும்தான் தாழ்ப்பாள். அங்கயும் யாராவது தட்டிக்கிட்டே இருப்பாங்க."

"இதை ஏன்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னேனே!" கல்தூமா தரையில் இருந்த கிண்ணத்தைக் காட்டினாள். "வாரா வாரம் சொல்றேன். நீங்கதான் சுக்கைக் கூட்டிக்கிட்டே போறீங்க."

ருதைனாவுக்குப் புரியவில்லை. எங்கள் இனத்துக்கு இது அபூர்வமான நிலை.

"எங்க எதிர்வீட்டுல உங்க நாட்டுக்காரங்க இருக்காங்க. அவங்க எங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்கப் போனாங்க" என்றாள் கல்தூமா. "நானும் போனேன். உங்க ஆளுங்க காப்பியை வாங்கிக் குடிக்காம கீழ வெச்சாங்க. வீட்டுக்காரர் பதறிப்போய், 'உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க'ன்னு கேட்டார். விருந்தாளி கோப்பையைத் தொடலன்னா ஏதோ கேக்க வந்திருக்கான்னு அர்த்தம், கேக்காம விட்டா வீட்டுக்குத்தான் கேவலம்னு அண்ணன் சொன்னார். சரி, உங்க ஊர் முறைப்படியே கேப்போம்னு நானும் வெச்சேன். நீங்க கேக்கவே இல்ல. அந்த வாசனைக்குக் குடிக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் அக்கா."

கதவருகில் நின்ற அபூ நாயிஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ. கர்க்ல இதுக்கு ரெண்டு குடும்பம் ஜென்மத்துக்கும் பேசிக்காது."

ருதைனாவின் காது சிவந்தது. அவருடைய அப்பா எத்தனை வீடுகளில் அப்படிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்! அவருடைய கல்யாணமே அப்படிக் கீழே வைத்த ஒரு கோப்பையில்தான் முடிவானது. சூடானின் சுக்கு அளவு தெரிந்த அம்மாளுக்குச் சொந்த ஊர்க் காப்பி மறந்துபோயிற்று.

அவர் மடக்கிய காலை நீட்டினார். செருப்பின் அடி நன்றாகத் தெரிந்தது. காதை விட்டுவிட்டு, முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

"சொல்லும்மா. என்ன வேணும்?"

"இந்த ரூம். ஒரு மணி நேரம். உள்பக்கம் தாழ்ப்பாள். யாரும் வரக் கூடாது. நீங்களும்தான்."

"நான்கூடவா?"

"முக்கியமா நீங்க."

கோப்பையைக் கீழே வைத்த விருந்தாளிக்கு வீட்டில் அப்பா சொல்கிற குரலில் ருதைனா சொன்னார். "காப்பியைக் குடி. நீ வந்த காரியம் முடிஞ்சுது."

கல்தூமா ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ருதைனா ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

"இது அழுகை இல்ல அக்கா" என்றாள் கல்தூமா. "சுக்கு ஜாஸ்தி."

மறுநாள் காலை ருதைனா அறையிலிருந்த மெத்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தானே வெளியே தூக்கிப் போட்டார். கல்தூமா வந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் சலசலப்பு. முன்னால் ஹாஜா நயீமா, பின்னால் ஒரு படை.

"எங்க என் பொண்ணு? அழவே மாட்டேங்கறாளாமே. வழியை விடு, நான் அழ வெக்கிறேன்."

"ஹாஜா, மேல வாங்க. மொட்டை மாடியில காப்பி தயாரா இருக்கு."

"துக்கத்துக்கு வந்தா மொட்டை மாடியா? இது எந்த ஊர் வழக்கம்?"

"எங்க ஊர் வழக்கம்" என்றார் ருதைனா கண்ணிமைக்காமல். அபூ நாயிஃபும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஆமாம். காலங்காலமா" என்றார்.

ஹாஜா நயீமா உடனே குரலைத் தாழ்த்தினார். அடுத்தவர்கள் வழக்கத்தை மதிக்கத் தெரிந்தவர். "அப்படியா? தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லி, படையைத் திரட்டிக்கொண்டு ஓசைப்படாமல் மேலே ஏறினார். பார்த்தீர்களா, அவரும் எங்கள் இனம்தான்.

படி காலியானது. கதவுக்குப் பின்னால் முதலில் ஒன்றுமில்லை. பிறகு துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு அது நிற்கவில்லை.

ருதைனாவின் கை தானாக எழுந்து கதவருகில் போனது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா? ஒரு கைக்குட்டை? கட்டிப்பிடிக்க வேண்டாம், சும்மா கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, "நான் இங்கதான் இருக்கேன் கண்ணு" என்று ஒரே ஒரு வார்த்தை? ஒரு பெண் தனியாக அழுதுகொண்டிருக்கும்போது நாம் சும்மா நிற்பதா?

உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது? கை பரபரக்கிறதா? தட்டிவிடலாம் போலிருக்கிறதா? வாருங்கள், எங்கள் இனத்துக்கு நல்வரவு. படியில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

ருதைனா படியில்தான் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் பாரம் முழுவதையும் வைத்து, கதவு திறக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை.