பயத்துக்கு இங்கிலீஷ்

"அஃப்ரெய்டுக்கு அப்புறம் 'டு'வா, 'ஆஃப்'பா? அதை மட்டும் சொல்லும்மா."

"'டு'தான்ப்பா" என்றாள் மகள், ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே. "வீ ஆர் அஃப்ரெய்ட் டு ஸ்பீக் அவுட். வாயைத் திறக்கவே பயமா இருக்குன்னு அர்த்தம்."

அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரியும். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுபவர் அவர். அங்கே நீராவி மெஷினின் மூடி நினைத்த நேரத்தில் தானாக விழும். போன மாதம் கூட்டாளியின் கைமேல் விழுந்தது. அதைப்பற்றி முணுமுணுத்த ஒருவருக்கு மறுநாளே சீட்டுக் கிழிந்தது. கிழித்தவர், 'விசில்' என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அழைக்கும் மேற்பார்வையாளர்.

இன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். விசிலுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அவர் முன்னாலேயே சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கலாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் 'ஆஃப்'தான் என்று அடித்துச் சொன்னார். இருந்த தைரியமும் போயிற்று. வேலைக்கு வந்ததும் கணக்கர் அம்மாவிடம் ஒதுங்கி நின்று கேட்டார். இரண்டுமே சரிதான் என்ற அந்த அம்மா, நம்ம இஸ்திரிக்காரர் இங்கிலீஷில் பேசப்போகிறார் என்று பெருமையோடு கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். டீ வருவதற்குள் விசிலிடமிருந்து அழைப்பு வந்தது.

போய் நின்றார்.

விசில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, என் மானத்தைக் காப்பாத்துங்க. வர்றவர்கிட்ட நீங்களே ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசிடுங்க. பயப்படாதீங்க, நான் உங்களை ஒட்டியே நிக்கிறேன்."

சொன்னபடியே ஒட்டி நின்றார். தோளோடு தோள்.

அதிகாரி கோட்டும் டையுமாக வந்தார். இஸ்திரிக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வரிசைக் கடைசியில் கூட்டாளி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ குரல் வந்தது. மெஷினைக் காட்டினார், கூட்டாளியின் கையைக் காட்டினார், அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார்.

விசில் பூரித்துப்போய்க் கைதட்டினார். கூடமே கைதட்டியது.

அதிகாரி தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கனிவாகச் சொன்னார்:

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. நீங்க இப்ப சொன்னதை, இவருக்கும் நல்லாக் கேட்கிற மாதிரி, நம்ம பாஷையிலேயே ஒரு தடவை சொல்லுங்களேன்."